மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் ஓவியரிடம் படம் வரையக் கொடுக்கப் போகிறீர்களா?

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஒன்றரை அடிக்கு இரண்டடி கேன்வாஸ், ஆயில் பெயின்ட், ஓர் ஆள் முகம்: 900 வெள்ளி (ரிங்கிட்). பிரேம் தனி. பேரம் கிடையாது. ஓவியர் முன்பணம் வாங்க மாட்டார். படம் முடிந்ததும் பிடிக்காவிட்டால் நீங்கள் வாங்காமல் வந்துவிடலாம், அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஆனால் அவருக்குப் பிடிக்காவிட்டால் உங்களுக்கு விற்கவும் மாட்டார். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் பாதிப் பேர் படியிறங்கி வந்துவிடுகிறார்கள்.

கடை என்று சொன்னாலும் அது ஒரு மாடி அறைதான். பழைய கடை வரிசையில் கீழே காக்கி லீமாவில், அதாவது கடை முன் நடைபாதையில், அவர் மனைவி காலையில் நாசி லெமாவும் (தேங்காய்ப்பால் சோறு) வடையும் விற்கிறார். பக்கத்து மரப்படியில் ஏறினால் டர்ப்பன்டைன் நெடி மூக்கில் ஏறும். ஆஸ்துமா உள்ளவர்கள் கீழேயே நின்று பேசிக்கொள்வது நல்லது. பெயர்ப் பலகை இல்லை, ரசீது இல்லை, கியூஆர் கோடு இல்லை. ஓவியர் பெயரை நான் போடவில்லை. போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஊரில் யாரைக் கேட்டாலும் "அந்தத் தலைக்கனம் பிடிச்ச ஆளா?" என்று வழி காட்டுவார்கள்.

நான் தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவளாக, இருந்து ஓய்வு பெற்றவள். எதையும் கணக்குப் பார்க்காமல் வாங்கிப் பழக்கமில்லை. போன காரணம் அம்மா படம். லிந்தாங் ரோட்டுப் பக்கத் தோட்டத்தில் வாழ்நாள் முழுக்கப் பால்மரம் (ரப்பர்) வெட்டிப் பால் எடுத்தவர் அம்மா. எங்களிடம் இருப்பதோ அவருடைய பழைய சிவப்பு ஐசியில் (அடையாள அட்டையில்) ஒட்டியிருந்த ஒரே ஒரு முகம். நேராகப் பார்த்து, விறைத்து, யாரோ அதட்டியதுபோல. டவுனில் ஒரு ஸ்டூடியோவில் விசாரித்தோம். அதே முகத்தைப் பெரிதாக்கி, கம்ப்யூட்டரில் பட்டுச்சேலை கட்டி, ஆரம் மாட்டி, பின்னால் நீல வானம் வைத்து 120 வெள்ளிக்குத் தருவதாகச் சொன்னார்கள். என் தங்கைக்கு அது போதும் என்று இருந்தது. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை, அம்மா கழுத்தில் ஆரம் எங்கே இருந்தது?

ஓவியர் ஐசிப் படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது கவர்மென்ட் எடுத்த படம் தங்கச்சி. உங்கம்மா எங்க?" என்றார். அப்புறம் கேள்விகள். காண்டாவை (வாளிகள் தொங்கும் தோள்கம்பு) எந்தத் தோளில் தூக்குவார்? தலைத்துணியை முன்பக்கம் முடிச்சுப் போடுவாரா, பின்பக்கமா? பெரட்டுக்கு (காலையில் பெயர் கூப்பிடும் இடம்) போகும்போது வெற்றிலை வாயில் இருக்குமா? தலை விளக்கின் பட்டை நெற்றியில் தழும்பு விட்டிருந்ததா? வலது தோள் என்றேன். எத்தனை வருஷம் என்று கேட்டார். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே என்றேன். ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு தோள்களை மட்டும் கோடாகப் போட்டார், வலது ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் வாளி நிறையப் பால் தொங்க, மரத்துக்கு மரம் மங்கு (பால் கிண்ணம்) கவிழ்த்து ஸ்டோர் வரை நடந்த தோள். அந்தக் கோட்டிலேயே அம்மா பாதி வந்துவிட்டார். ஐசிக்காரன் நிமிர்ந்து உட்காரச் சொல்லியிருப்பான் போலிருக்கிறது, அதில் இரண்டு தோளும் ஒரே மட்டம்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று பேச்சுக் கொடுத்தால் சொல்வார். இளவயதில் ஈப்போவில் சினிமா பேனர் வரைகிற இடத்தில் இருந்தவர். அங்கே தலைமை ஓவியர் கதாநாயகன் முகத்தைப் போடுவார், அடுத்தவர் உடுப்பு, அதற்கடுத்தவர் துப்பாக்கி, கடைக்குட்டி பின்னணி நிறம். படம் மாறினதும் அதன் மேலேயே வெள்ளையடித்து அடுத்த படம். "அத்தனை வருஷத்துல ஒண்ணுலயும் என் பேரு இல்ல. கெட்டதுக்கும் என் பேரு இல்ல, நல்லதுக்கும் இல்ல" என்றார். அன்றிலிருந்து ஒரு தூரிகை விழுந்தாலும் தானே போட வேண்டும் என்று முடிவு. உதவியாள் வைப்பதில்லை, சங்கம் எதிலும் சேர்வதில்லை, கூட்டுக் கண்காட்சிக்கு அழைத்தாலும் போவதில்லை. சுவரில் சாக்பீஸால் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்: அடுத்தவனைப் பார்த்துச் செய்வது தற்கொலை. அமெரிக்க எழுத்தாளர் எமர்சன் 1841இல் ஒரு கட்டுரையில் சொன்ன கருத்து அது. பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஏதோ ஆங்கிலத் தொகுப்பில் படித்தாராம்.

சாக்பீஸ் வரியோடு நிற்கவில்லை. ஊர்க் கோயில் ஒன்றில் சுவருக்கு முருகன் வரையக் கேட்டார்கள், காலண்டரில் இருப்பதுபோல. காலண்டர் முருகன் என்றால் கொண்டைய ராஜு என்று அவருக்குத் தெரியும். மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் படித்து, ரமணரின் ஆசிரமத்தில் இருந்து, கடைசியில் கோவில்பட்டியில் உட்கார்ந்து சிவகாசி காலண்டர்களுக்கெல்லாம் சாமி வரைந்தவர். நம் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சாமித் தட்டுக்கு மேலே தொங்கியதில் பாதி அவரும் அவர் சீடர்களும் போட்டதாகத்தான் இருக்கும். "அவர் கண்ட முருகனை அவர் போட்டாரு. நான் எதுக்கு அதையே போடணும், அச்சடிச்ச தாளை ஒட்டிடுங்களேன்" என்று கமிட்டியிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அந்த வருஷத் திருவிழாவில் இவருக்கு யாரும் முகம் கொடுக்கவில்லை என்று கேள்வி.

இந்த ஊரில் இது சாதாரண விஷயமில்லை. சுங்கை சிப்புட், மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல், தொழிலாளர்கள் காசைச் சேர்த்தே தோட்டம் வாங்க முடியும் என்று கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர் அவர். மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப் பள்ளியும் அவர் முயற்சிதான், 1954இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வைத்தார். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒன்றாகத் தூக்கினால்தான் எதுவும் எழும் என்று பார்த்து வளர்ந்த ஊர் இது. சாவு வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் சேர்ந்து நிற்காதவனை இங்கே மனுஷனாகவே எண்ண மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் "நான் தனி" என்று மாடியில் உட்கார்ந்திருப்பதற்குக் கொஞ்சம் நெஞ்சழுத்தம் வேண்டும். கொஞ்சம் திமிரும் வேண்டும். இரண்டும் அவரிடம் தாராளம்.

விலை அதிகமில்லையா என்று கேட்டால் ஒரு கதை சொல்வார், நீங்களும் கேட்கத்தான் போகிறீர்கள். விஸ்லர் என்று ஓர் ஓவியர் 1878இல் லண்டனில் ரஸ்கின் என்ற பெரிய விமர்சகர் மேல் மானநஷ்ட வழக்குப் போட்டார். இரண்டு நாள் வேலைக்கா 200 கினி (பழைய ஆங்கிலேயப் பணம்) கேட்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்க, இல்லை, வாழ்நாள் முழுக்கச் சேர்த்த அறிவுக்குக் கேட்கிறேன் என்றாராம். நம் ஓவியர் அண்ணன் இதோடு நிறுத்திவிடுவார். நான் வீட்டுக்கு வந்து மிச்சத்தைத் தேடிப் படித்தேன். வழக்கில் விஸ்லர் ஜெயித்தார், நஷ்டஈடாகக் கிடைத்தது ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. வழக்குச் செலவும் கைக்கு வரவில்லை. அடுத்த வருஷமே திவாலானார்.

கிராணி புத்தி, அதோடு விடவில்லை. தனியாக நின்றதாகப் பேர் வாங்கிய ஒவ்வொருவருக்கும் வரவு எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். எமர்சனின் நண்பரான எழுத்தாளர் தோரோ 1845இல் குளத்தங்கரையில் தன் கையாலேயே குடிசை கட்டித் தனியாக வாழ்ந்தார் என்கிறார்கள். நிலம் எமர்சனுடையது. ஓவியர் வான் கோ யாருக்காகவும் தன் நிறத்தை மாற்றவில்லை. தம்பி தியோ பணம் அனுப்பிக்கொண்டே இருந்தார். எனக்கு மிகவும் பிடித்தது சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் கடற்கரையோரம் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். வயிற்றுக்கு பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள், ஓவியத்தை அவரவர் இஷ்டத்துக்குப் போட்டார்கள். ஒருவனுக்கொருவன் உதவியும் உண்டு, ஒருவன் படத்தில் இன்னொருவன் கை வைப்பதும் இல்லை. கணக்கு நேராக இருக்கிறது.

இந்தச் சோழமண்டலக் கதையை நான் சொன்னபோது அண்ணன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வடைச் சட்டியோடு மேலே வந்த அவர் மனைவி, அக்காதான் பதில் சொன்னார்: "இவரு சுதந்திரத்துக்கு வாடகை நான் கட்டுறேன், அதையும் எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். அந்த வீட்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. மாதத்தின் முதல் பாதியில் காசு வேலை: லாரிப் பக்கப் பலகையில் பெயர், கல்லறைக் கல்லில் எழுத்து, பாலர் பள்ளிச் சுவரில் யானையும் வாத்தும். பேனரெல்லாம் பிளாஸ்டிக் அச்சுக்குப் போன பிறகு எஞ்சியது இவ்வளவுதான். வாடகையில் அவர் பங்கு சேர்ந்த பிறகுதான் கேன்வாஸ் விரிப்பார். காசு வேலையில் கையெழுத்துப் போட மாட்டார், வாடிக்கையாளர் கேட்கிற நிறத்தை முணுமுணுக்காமல் போடுவார். யானைக்கு ஊதா கேட்டாலும் ஊதாதான். அவருடைய கொள்கை நிற்பதே இந்தப் பாதி நாள் அடிபணிதலின் மேல்தான் என்பது என் அபிப்பிராயம். அவரிடம் சொன்னேன். "அது கை வேலை, இது என் வேலை" என்றார். அக்காவின் பாதி எதில் சேரும் என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை.

சரி, படத்துக்கு வருகிறேன். சொன்ன தேதிக்கு வரவில்லை, பல மாதம் இழுத்தது. போன் அடித்தால் எடுக்க மாட்டார். பாதியில் பார்க்க விடவும் மாட்டார். இதெல்லாம் எரிச்சலான விஷயம், மழுப்புவதற்கில்லை. வேறு எந்தக் கடையாக இருந்தாலும் சண்டை போட்டிருப்பேன்.

வந்த படத்தில் அம்மா பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடக் காத்து நிற்கிறார். முழுக்கை சட்டை, தலைத்துணி, வலது தோள் இறங்கியிருக்கிறது. சட்டைக் கையில் ஒட்டுப்பால் காய்ந்து கறுத்த திட்டு. அந்தத் திட்டைத் தூரிகையால் போடாமல் கத்தியால் தடிப்பாக அப்பியிருக்கிறார், விரலால் தொட்டால் உண்மையான பால் காய்ந்ததுபோலவே சொரசொரக்கிறது. வெளிச்சம் கீழிருந்து வருகிறது, யாரோ பக்கத்தில் விளக்கைத் தாழ்த்திப் பிடித்திருக்கிறார்கள். கண் மட்டும் ஐசியில் இருந்த அதே கண், ஆனால் இதில் பயமில்லை, அவசரம் இருக்கிறது. ஒரு குறை: கை விரல்கள். அம்மாவுக்குக் குட்டை விரல், இவர் நீளமாகப் போட்டுவிட்டார். அவருக்கு விரல் வராது என்று ஊரில் முன்பே சொல்லியிருந்தார்கள், உண்மைதான்.

தங்கைக்குப் பிடிக்கவில்லை. "செத்த பிறகுமா அழுக்குச் சட்டை?" என்று கேட்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் உண்டு. அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு நல்ல துணி உடுத்தத்தானே அம்மா அவ்வளவு உழைத்தார். குறைந்தபட்சம் சட்டைத் திட்டையாவது எடுத்துவிடச் சொல்லிக் கேட்டுப் பார்த்தோம். மாட்டேன் என்றார். வேண்டாமென்றால் வைத்துவிட்டுப் போங்கள், எனக்கு இந்த அம்மாவைப் பிடித்திருக்கிறது என்றார். கோபமும் வந்தது, விட்டுவிட்டு வரவும் முடியவில்லை. 900 வெள்ளியை எண்ணிக் கொடுத்தேன். இப்போது என் வீட்டில் இந்தப் படம், தங்கை வீட்டில் பட்டுச்சேலைப் படம். திதிக்கு மாலை இரண்டுக்கும் போடுகிறோம்.

யார் போகலாம்? இறந்தவரைப் பற்றி வாய்விட்டுப் பேச முடிகிறவர்கள் போகலாம். அவர் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் தெரியாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார், அதனால் பெரியவர்கள் யாரையாவது கூட்டிப் போங்கள். கல்யாணப் பரிசு, அறுபதாம் கல்யாணம், தேதிக்குள் வேண்டும் என்பவர்கள் ஸ்டூடியோவுக்கே போய்விடுங்கள். குடும்பப் படம் என்றால் தலைக்கு 900தான், கும்பலுக்குத் தள்ளுபடி கேட்காதீர்கள், ஒவ்வொரு மூஞ்சியும் ஒரு மூஞ்சிதான் என்பார். பாலர் பள்ளிச் சுவர், கடைப் பலகைக்கு அவரைத் தாராளமாகக் கூப்பிடலாம், அந்த வேலையில் நேரம் தவற மாட்டார், எழுத்து அச்சுக் கோத்ததுபோல இருக்கும்.

மாதம் பதினைந்து தேதிக்குப் பிறகு காலை பத்து மணிக்கு மேல் போங்கள். நேரே மேலே ஏறாமல் கீழே அக்காவிடம் மனநிலை எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள், அவர் உள்ளதைச் சொல்லிவிடுவார். நாசி லெமா ஒன்பதரைக்கே தீர்ந்துவிடும், அது வேண்டுமென்றால் மட்டும் முன்னதாகவே போய்விடுங்கள்.