சிறைவாசிகளுக்கான அஞ்சல்வழி வேதபாடம்: ஒரு மதிப்பீடு

என் தம்பி தண்டனைக் காலத்தில் பயின்ற அஞ்சல்வழி வேதபாடச் (பைபிள் பாடச்) சேவையை, அவன் எழுதிய கடிதங்கள் வழியாகவும் விடுதலைக்குப் பின் காட்டிய பாடத்தாள்கள் வழியாகவும் அறிந்தே இதை எழுதுகிறேன். கட்டணம் இல்லை, பாடங்களும் எளிய நடையில் உள்ளன.

ஆனால் திருத்தி அனுப்பப்பட்ட விடைத்தாள்களே இச்சேவையின் உயிர். மன்னிப்பு என்றால் என்ன என்ற வினாவுக்கு, 'எனக்குக் கிடைக்காத ஒன்று' என்று அவன் எழுதியிருந்தான். திருத்தியவர் அதைத் தவறென்று அடித்துவிடாமல், தாளின் ஓரத்தில் அவன் பெயரைக் குறிப்பிட்டு, 'இதைப் பற்றி இன்னும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்' என்று பென்சிலால் எழுதியிருந்தார். கைதி எண்ணாகவே இருந்துவந்தவனின் கடிதங்களில், விடுதலைக்குப் பிந்தைய வாழ்க்கை பற்றிய பேச்சு அதன் பிறகுதான் வந்தது என்பதை நான் நன்றியுடன் பதிவு செய்கிறேன்.

குறையும் உண்டு. தணிக்கையால் நேரும் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அவன் வேறு சிறைக்கு மாற்றப்பட்டபோது பாடங்கள் அடியோடு நின்றுபோயின, நம்பிக்கை துளிர்த்துவந்த வேளையில் அது பெரும் இழப்பு.

கைதிகளை நடத்தும் முறை குறித்து ஐ.நா. பொதுச்சபை 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 66ஆம் விதி, சமய நூல்களை வைத்திருக்கக் கைதிகளை இயன்றவரை அனுமதிக்கச் சொல்கிறது. 65ஆம் விதியோ, சமயப் பிரதிநிதியின் சந்திப்பை விரும்பாதவரின் நிலைப்பாட்டை முழுமையாக மதிக்கச் சொல்கிறது. இச்சேவையும் எவரையும் வற்புறுத்தவில்லை, மதம் மாறுமாறு கேட்கவுமில்லை. உறவினர் சிறையில் இருப்பவர்கள், முதலில் அவருடைய விருப்பத்தைக் கேட்டறிந்து, கைதி எண்ணைத் தெளிவாகக் குறிப்பிட்டு விண்ணப்பிக்கலாம். சிறை மாற்றம் நேர்ந்தால் புதிய முகவரியை உடனே தெரிவித்துவிடுவது நல்லது.