தினம் ஒரு வசனமா, மாதம் முழுக்க ஒரே அதிகாரமா?

பாளையங்கோட்டைப் பக்கம் விடியுமுன்னே வாட்ஸ்அப்பில் பைபிள் வசனப் படம் வந்துவிடும், ஆமென் போட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போய்விடுவோம். தப்பில்லை, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சித்திக்கு அந்த ஒரு வரி பெரிய ஆறுதல். ஆனால் மத்தியானத்துக்குள் மறந்துவிடுகிறது.

பைபிளில் யாக்கோபு எழுதிய கடிதத்தின் முதல் அதிகாரம் 27 வசனம்தான். மாதம் முழுக்க அதையே, ஊசிக்கோபுரம் சர்ச்சுக்கு நடக்கையில், தோசை சுடுகையில், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அப்புறம் வரப்புத் தகராறில் அண்ணன் கத்தும்போது, 'கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும்' என்ற 19ஆம் வசனம் நம் பதிலுக்கு முன்னால் வந்து நிற்கும். 22ஆம் வசனம் இன்னும் விடாது: கேட்டால் மட்டும் போதாது, செய் என்கிறது.

எனக்கு மாதம் ஒரு அதிகாரம்தான். பிள்ளைகளையும் ஞாயிறு பள்ளித் தேர்வோடு விட்டுவிடாமல், ராத்திரி குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு வசனம் சொல்ல வையுங்கள்.