பாட்டில் நூல், ஓ.இ. நூல், புது பாலியஸ்டர்: சேலம் தறிக்கு எது எங்கே பொருந்தும்?

சேலத்துத் தறிக்காரர் முன்னால் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. பெட்ரோலியத்திலிருந்து வரும் புது பாலியஸ்டர். தண்ணீர் பாட்டிலை உருக்கி இழுத்த பாலியஸ்டர். திருப்பூர் பனியன் கட்டிங்கை, அதாவது வெட்டி மிஞ்சிய துண்டுகளை, கிழித்துப் பஞ்சாக்கி நூற்ற ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல். பழைய பாலியஸ்டர் துணியை ரசாயன முறையில் பிரித்து மறுபடி நூலாக்கியது. இரண்டாவதும் மூன்றாவதும் கடையில் ஒரே பெயரில், ‘ரீசைக்கிள் நூல்’ என்றே விற்கின்றன. ஆனால் பாட்டில் நூல் துணிக் கழிவில் ஒரு கிராமைக்கூடக் குறைப்பதில்லை, அது குறைப்பது பாட்டில் குப்பையைத்தான். நம் பக்கத்தில் வெட்டுத் துணிக் கழிவைப் பெருமளவில் உள்வாங்கி மறுபடி நூலாக்குவது ஓ.இ. மில்கள்தான். வாங்குகிறவருக்கு “இது மறுசுழற்சித் துணி” என்று சொல்லி விற்கப் போகிறவர் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாட்டில் நூல்

பெட் (PET) பிளாஸ்டிக்கில் செய்த தண்ணீர் பாட்டிலும் பாலியஸ்டர் நூலும் அடிப்படையில் ஒரே பொருள்தான். மூலக்கூறுச் சங்கிலியின் நீளம்தான் வேறு. அந்த நீளத்தை ஆலைகளில் ‘ஐ.வி.’ என்ற எண்ணால் குறிக்கிறார்கள். பாட்டிலுக்கு அது 0.72 முதல் 0.84 வரை இருக்கும். துணி நூலுக்கு 0.60 முதல் 0.65 வரை இருந்தால் போதும். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் சங்கிலி கொஞ்சம் அறுந்து எண் இறங்கும். பாட்டில் மேலிருந்து இறங்கி, நூலுக்கு வேண்டிய இடத்திலேயே வந்து நிற்கிறது. பழைய பாலியஸ்டர் சேலையை உருக்கினால் அது நூலின் மட்டத்தில் தொடங்கி அதற்கும் கீழே போய்விடும். போதாததற்குச் சாயமும் ஃபினிஷிங் ரசாயனமும் உருகலில் கலந்துவிடும். உலகச் சந்தையில் ரீசைக்கிள் பாலியஸ்டர் என்று விற்பதில் ஏறக்குறைய எல்லாமே பாட்டிலிலிருந்து வருவதற்கு இதுவே பெரிய காரணம்.

செய்முறை இப்படி: நிறம் பிரித்து, மூடியும் லேபிளும் எடுத்து, பாட்டிலைச் சிறு செதிலாக நொறுக்குவார்கள். தண்ணீர்த் தொட்டியில் போட்டால் மூடியின் பிளாஸ்டிக் மிதக்கும், அடர்த்தி 1.38 உள்ள பெட் மூழ்கும். பிறகு 80 முதல் 90 டிகிரி சூட்டில் காஸ்டிக் சோடா கரைசலில் கழுவினால் பசையும் எண்ணெய்ப் பிசுக்கும் போகும். அடுத்து வருவது உலர்த்துதல், தரம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். செதிலில் ஈரம் பத்து லட்சத்தில் 50 பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். ஈரத்தோடு 280 டிகிரி உருகலுக்குள் போனால் அந்தத் தண்ணீரே சங்கிலியை வெட்டும். ஐ.வி. சரிந்து, நூல் இழுக்கும்போதே அறும்.

இன்னொரு எதிரி பி.வி.சி. என்ற வேறு வகைப் பிளாஸ்டிக். அதன் அடர்த்தி பெட்டுக்கு மிக அருகில் இருப்பதால் மிதக்கவிட்டுப் பிரிக்க முடியாது. கழுவும் தொட்டியைத் தாண்டி உள்ளே போன சிறிதளவு பி.வி.சி.கூட உருகலில் சிதைந்து அமிலத்தை வெளிவிடும். நூல் மஞ்சளாகும், கரும்புள்ளி விழும். வெயிலும் கெடுதல்தான். ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளின் ஓரத்தில் மாதக்கணக்கில் கிடந்த பாட்டிலையும், விடுதியில் அன்றன்றே சேகரித்த பாட்டிலையும் ஒரே மூட்டையில் கட்டினால் இரண்டாவதன் மதிப்பும் போகும். ஏற்காட்டில் பாட்டில் சேகரிக்கிறவர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கட்டி இறக்கினாலே பெரிய உதவி.

பாட்டில் நூலில் இரண்டு வகை உண்டு. 1.4 டெனியர், 38 மில்லிமீட்டர் என்று வெட்டிய பஞ்சு ஒன்று, 75 அல்லது 150 டெனியர் இழை நூல் மற்றொன்று. டெனியர் என்பது இழையின் தடிமனைக் குறிக்கும் அளவு. பஞ்சு வகை கொஞ்சம் அழுக்கைத் தாங்கும், இழை வகை தாங்காது. 1.4 டெனியர் இழையின் விட்டம் சுமார் 12 மைக்ரான்தான். வடிகட்டியைத் தப்பிய 20 மைக்ரான் தூசி ஒன்று இழையைவிடப் பெரியது, அந்த இடத்தில் இழை அறுந்தே தீரும். பஞ்சில் அறுந்த இழை மற்ற இழைகளோடு முறுக்கில் அடங்கிவிடும். 36 இழை கொண்ட 75 டெனியர் நூலில் அது முடியாக நீட்டிக்கொண்டு, பாவில் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) அது நுழைந்து போகும் விழுதிலும் அச்சிலும் சிக்கிப் பக்கத்து இழையையும் இழுக்கும். ஆகவே பாட்டில் இழை நூலை முதலில் ஊடையில் (குறுக்கு நூல்) ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பாவுக்குக் கொண்டுபோக வேண்டும். நேரே பாவில் போட்டுத் தறி நின்று நின்று ஓடினால், நூலில் மிச்சமான காசைவிடக் கூலியிலும் உற்பத்தியிலும் கூடுதலாகப் போகும்.

சாயத்தில் வரும் சிக்கல் வேறு. தெளிவாக நிற்பதற்காகப் பாட்டில் பிளாஸ்டிக்கில் ஐசோப்தாலிக் அமிலம் சிறிதளவு சேர்க்கப்படுகிறது. அதனால் உருகுநிலை சற்றுக் குறைகிறது, சாயம் ஏறும் வேகம் சற்றுக் கூடுகிறது. புது நூலையும் பாட்டில் நூலையும் ஒரே பீஸில் கலந்து 130 டிகிரியில் சாயமிட்டால் பட்டை பட்டையாகத் தெரியும். பாட்டில் நூலிலேயே இரண்டு லாட்டை (ஒரே தடவையில் தயாரான தொகுதி) கலந்தாலும் இதே கதைதான். கோன் பெட்டியில் அச்சிட்டிருக்கும், லாட்டைக் குறிக்கும் மெர்ஜ் நம்பரைப் பார்க்க வேண்டும். ஒரு நம்பர் முழுதாக முடிந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். சந்தேகமான பெட்டி என்றால், கோனுக்குக் கொஞ்சம் நூல் எடுத்துக் குழாய்போலப் பின்னி, எல்லாவற்றையும் ஒரே குவளையில் வெளிர் நீலத்தில் சாயமிட்டுப் பார்க்கலாம். அடர் நிறம் மறைத்துவிடுவதை வெளிர் நீலம் காட்டிக்கொடுக்கும்.

வெள்ளைக்கும் பேபி பிங்க் மாதிரி மென்னிறங்களுக்கும் இந்த நூலைப் பரிந்துரைக்க மாட்டோம். அடியில் உள்ள மஞ்சள் சாயல் நிறத்தை மங்கலாக்கும். கறுப்பு, நேவி, மெரூன் என்றால் தயங்க வேண்டாம். உருகலிலேயே நிறம் சேர்த்து இழுத்த டோப் டைடு நூல் கிடைத்தால் இன்னும் நல்லது, சாயப்பட்டறைக்கே போக வேண்டியதில்லை. பச்சைப் பாட்டில்கள் பெரும்பாலும் இப்படி அடர் நிற நூலுக்குத்தான் போகின்றன.

500 கிராம் எடையுள்ள ஒரு சேலைக்கு ஒரு லிட்டர் பாட்டில் 25 முதல் 30 வரை வேண்டியிருக்கும். இந்தப் பாட்டிலுக்குப் போட்டியும் வந்துவிட்டது. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின் 2022 திருத்தம், கெட்டிப் பிளாஸ்டிக் பொதிகளில் 2025-26 முதல் 30 சதவீதம் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் இருக்க வேண்டும் என்கிறது. 2028-29க்கு அது 60 சதவீதம். பாட்டில் மறுபடி பாட்டிலாகும்போது அதைத் திரும்பவும் சேகரித்து உருக்கலாம். சேலையாகிச் சாயமேறிய பிறகு அநேகமாக அதுவே அதன் கடைசிப் பிறவி. நல்ல தெளிவான பாட்டில் பாட்டில் ஆலைக்கே போவதுதான் சரி என்பது எங்கள் கருத்து. நூலுக்கு நிறப் பாட்டிலும் இரண்டாந்தரமும் போதும்.

ஓ.இ. நூல்

இதன் மூலப்பொருள் கட்டிங் வேஸ்ட். நிறம் நிறமாகப் பிரித்து, லைக்ரா கலந்ததை ஒதுக்கி, ரப்பர் பிரிண்ட், பட்டன், ஜிப் உள்ள துண்டுகளை அகற்றி, சிறு துண்டுகளாக நறுக்கி, முள் உருளைகள் வரிசையாக உள்ள கிழிக்கும் இயந்திரத்தில் விடுவார்கள். வெளியே வரும் பஞ்சில் இழை நீளம் பாதிக்கும் கீழே போயிருக்கும், தூசியும் கூடுதல். அதனால்தான் நீள இழை கேட்கும் வழக்கமான ரிங் ஸ்பின்னிங்கில் ஓட்டாமல், குட்டை இழையையும் தாங்கும் ஓ.இ. ரோட்டரில் நூற்கிறார்கள். அதிகமாக வருவது 20ஆம் நம்பர் வரை (நம்பர் கூடக் கூட நூல் மெல்லியது). அதற்கு மேல் மெல்லிய நூல் கேட்டால் பாலியஸ்டர் பஞ்சைக் கூட்ட வேண்டியிருக்கும். கூட்டுவதும் பெரும்பாலும் பாட்டில் பஞ்சுதான், இந்த இடத்தில் இரண்டு மறுசுழற்சியும் கைகோத்துக்கொள்கின்றன.

இதன் பெரிய பலம் நிறம். நீலத் துண்டிலிருந்து நீல நூல் வருகிறது, மறுபடி சாயம் வேண்டாம். பருத்தியை ரியாக்டிவ் சாயத்தில் போட லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் உப்பு தேவை. ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலும் சுமார் அரைக் கிலோ உப்பு கழிவுநீரில் போகும். அந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பால் எடுக்க முடியாது, ஆர்.ஓ.வும் ஆவியாக்கலும் வேண்டும். திருமணிமுத்தாறு சாயத்தண்ணீர் சுமந்து ஓடுவதைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு, சாயமே போடாத நூலின் மதிப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சுற்றுச்சூழல் கணக்கில் இந்த நான்கில் நாங்கள் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்.

குறைகளும் உண்டு. தொடுகை சற்று முரடு. வலு குறைவு, தூசி பறக்கும், துவைக்கும்போது நுண் இழை அதிகம் உதிரும். லைக்ரா கலந்த துண்டு தப்பி வந்தால் கிழியாமல் இழுபட்டுச் சுருண்டு முண்டுமுண்டாக நூலில் நிற்கும். நிறத்துக்கு நமூனா பார்த்து வாங்கினாலும் அடுத்த லாட் அதே நீலமாக வராது. ஆகவே ஓர் ஆர்டருக்கு வேண்டிய முழு நூலையும் சேதாரத்துக்கு 5 சதவீதம் கூட்டி ஒரே தடவையில் வாங்கி வைப்பதுதான் வழி. பாவுக்குப் போடுவதென்றால் கஞ்சி நன்றாக ஏற வேண்டும். சேலத்து மரவள்ளி ஸ்டார்ச் இதற்குப் பொருத்தமானது, ஓ.இ. நூலின் சொரசொரப்பான மேற்பரப்பு கஞ்சியை நன்றாகக் குடிக்கும். ரிங் நூலுக்குக் கலக்கிய அதே கெட்டியில் விட்டால் பாவு விறைத்துவிடும், கொஞ்சம் நீர்க்க விட்டு ஓட்டிப் பார்த்துப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

துணியிலிருந்து துணி: ரசாயன வழி

பாலியஸ்டர் கழிவை எத்திலீன் கிளைக்காலோடு 200 டிகிரிக்கு அருகில் சூடாக்கினால் சங்கிலி முழுதும் அவிழ்ந்து அடிப்படை மூலக்கூறாகிவிடும். அதைச் சுத்தம் செய்து சாயத்தை நீக்கி மறுபடி கோத்தால் புது நூலுக்குச் சமமான நூல் கிடைக்கும். மெத்தனாலில் செய்யும் முறையும் உண்டு. தரத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. விலை அதிகம், வரத்து குறைவு, கழிவும் பாலியஸ்டர் செறிந்ததாக இருக்க வேண்டும். கழிவிலிருந்து நூல் என்ற தொழில் எவ்வளவு நலிந்த நிலையில் நிற்கிறது என்பதற்கு, பருத்திக் கழிவைக் கூழாக்கிய ஸ்வீடனின் ரினியூசெல் 2024 பிப்ரவரியில் திவாலானதே போதும். சேலம் தறிக்காரர் இந்த நூலை வாங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த ஆலைகளுக்குக் கழிவு கொடுக்கிறவராக அவர் நல்ல இடத்தில் இருக்கிறார். சேலத்தை அடுத்த இளம்பிள்ளைத் தறிகளில் விழும் பாலியஸ்டர் நூல் கழிவு, பருத்தி கலக்காமல் தனியாகவே கிடைக்கக்கூடியது. திருப்பூர் கலவைக் கழிவுக்கு அந்த வசதி இல்லை.

புது பாலியஸ்டர்

சீரான நூல், லாட் வித்தியாசம் குறைவு, எந்த நிறமும் ஏறும். வெள்ளை, மென்னிறம், நாடா இல்லாமல் ஓடும் அதிவேக ரேப்பியர் தறியின் மெல்லிய பாவு ஆகியவற்றுக்கு இன்னும் இதுதான். மற்ற இடங்களில் பழக்கத்தால் மட்டுமே வாங்கப்படுகிறது.

எதற்கு எது

இளம்பிள்ளை மாதிரி மெல்லிய பாலியஸ்டர் சேலைக்குப் பாவு புது நூல், ஊடை அடர் நிறப் பாட்டில் நூல் என்பது இன்றைக்குப் பத்திரமான கலவை. பாவும் ஊடையும் ஒரே நிறம் என்றால் தனித்தனியாகச் சாயமிட்ட நூலாக வாங்க வேண்டும், நெய்த பிறகு சாயம் போட்டால் வித்தியாசம் தெரியும். படுக்கை விரிப்பு, ஜமக்காளம், சமையலறைத் துணி, கால்மிதிக்கு ஓ.இ. தான். முகத்தில் படும் துண்டுக்குப் பாலியஸ்டர் அதிகம் கலந்த ஓ.இ. வேண்டாம், அது தண்ணீர் உறிஞ்சாது. பை, மெத்தை உறை, திரைச்சீலைக்குப் பாட்டில் நூல் பாவிலும் ஊடையிலும் ஓடும், துணி கனம் என்பதால் சிறு முடி தெரியாது.

ஏற்றுமதிக்காரருக்குச் சான்றிதழ் வேண்டும். ஜி.ஆர்.எஸ். (குளோபல் ரீசைக்கிள்ட் ஸ்டாண்டர்டு) சான்றுக்குக் குறைந்தது 20 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும், அதன் முத்திரையைத் துணியில் ஒட்ட 50 சதவீதம். ஆர்.சி.எஸ். (ரீசைக்கிள்ட் கிளெய்ம் ஸ்டாண்டர்டு) என்றால் 5 சதவீதம் போதும். நூல் கடைக்காரர் காட்டும் ஸ்கோப் சான்றிதழ் அந்த ஆலைக்குத் தகுதி உண்டு என்று மட்டுமே சொல்கிறது. நீங்கள் வாங்கிய லாட் உண்மையிலேயே மறுசுழற்சி நூல் என்பதற்கு டிரான்சாக்‌ஷன் சான்றிதழ்தான் அத்தாட்சி, பில்லோடு அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

தறிக்கூடத்தின் சொந்தக் கழிவு

விலை நிற்பதும் சரிவதும் தரையைக் கூட்டும்போதே. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் தள்ளினால் அது மெத்தைக்குள் அடைக்கும் பஞ்சு விலைக்குத்தான் போகும். பட்டறையில் எண்ணெய் துடைக்கவும் பாலியஸ்டர் உதவாது, பருத்தி மாதிரி உறிஞ்சாது. அடுப்பிலோ பாய்லரிலோ எரித்தால் உருகிக் கம்பியில் ஒட்டிக் கரும்புகை விடும், அதைச் செய்யவே கூடாது.

நான்கு சாக்கு போதும். ஜரிகை இல்லாத தனிப் பாலியஸ்டர் ஒன்றில். ஜரிகை கலந்தது, பூவேலையின் பின்பக்கம் வெட்டிய நூல் உட்பட, இன்னொன்றில். உலோகப் பூச்சுள்ள ஜரிகை ஒரு கைப்பிடி கலந்தாலும் முதல் சாக்கு முழுவதும் தரம் இறங்கும். தனிப் பருத்தி மூன்றாவதில், முடிந்தால் வெளிர், அடர் என்று பிரித்து. பாலியஸ்டர் பருத்திக் கலவை நான்காவதில். ரேப்பியர் தறியில் இரு ஓரமும் வெட்டி விழும் ஓரக்கழிவு நாள் முழுதும் ஒரே தரமாக வருவது, அதைத் தரையில் விழவிடாமல் தறியிலேயே பை கட்டிப் பிடித்தால் எண்ணெயும் தூசியும் ஒட்டாது. எண்ணெய் பட்டதைத் தனியே வைக்க வேண்டும்.

எந்தச் சாக்கு என்று குழப்பமான நூலை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டலாம். பருத்தி காகிதம்போல எரிந்து மென்சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகிக் கரும்புகை விட்டு, ஆறியதும் நகத்தால் நசுக்க முடியாத மணியாகும். எரியவும் எரிந்து ஓரத்தில் கெட்டியும் தட்டினால் கலவை, நான்காவது சாக்கு.