பழைய ஸ்டாப்வாட்ச் ரிப்பேருக்குப் பாலக்காட்டில் ஒரு நல்ல கடை

சாவி கொடுக்கிற ஸ்டாப்வாட்ச் வீட்டில் ஓடாமல் கிடந்தால், பாலக்காடு பெரிய கடைவீதியை ஒட்டிய சந்தில் இருக்கும் சின்ன வாட்ச் கடைக்குக் கொண்டுபோங்கள். கோயம்புத்தூரில் ஒரு கடையில் "இதுக்கு ஸ்பேர் கிடைக்காது, ஷோகேஸில் வைங்க" என்று கைவிரித்ததை இந்தக் கடைக்காரர் ஓட வைத்துவிட்டார்.

என்னுடையது தாத்தாவின் வாட்ச். ஊட்டி ரேஸ் கோர்ஸில் ஒரு டிரெய்னரிடம் வேலை பார்த்தபோது, காலையில் குதிரைகள் ஓடும் நேரத்தைக் குறிக்க வைத்திருந்தார். நொடிக்கு ஐந்து முறை அடிக்கும். முள் ஒவ்வொரு தாவலுக்கும் ஐந்தில் ஒரு நொடி நகரும். கடைக்காரர் என் எதிரிலேயே மூடியைக் கழற்றி, லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு காட்டினார். உள்ளே இருக்கும் மெல்லிய சுருள் கம்பியான ஹேர் ஸ்பிரிங்கில் எண்ணெய் ஏறி, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. "வேற ஒண்ணும் இல்லை சாரே, கழுவிப் போட்டா ஓடும்" என்றார். ஓடியது.

வாங்கப் போன அன்று சரிபார்க்க, இங்கிலாந்தின் யார்க் மைதானத்தில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் நன்தார்ப் ஸ்டேக்ஸ் குதிரைப் பந்தய வீடியோக்களைப் போனில் போட்டேன். தாத்தாவால் எனக்கும் தொற்றிய பைத்தியம் அது. 1922 முதல் நடக்கிற பந்தயம். ஐந்து ஃபர்லாங், அதாவது ஆயிரம் மீட்டரைவிடக் கொஞ்சம் கூட. வளைவே கிடையாது, நேர் ஓட்டம். 1990-இல் டேஜூர் 56.16 நொடியில் ஓடியதை முறியடிக்க 29 வருடம் ஆனது. 2019-இல் பட்டாஷ் 55.90 நொடியில் முடித்தது. இரண்டுமே துபாய் ஷேக் ஹம்தானின் குதிரைகள்.

கேட் திறந்ததும் அமுக்கி, முடிவுக் கம்பத்தில் நிறுத்தினேன். டேஜூருக்கு முள் 56-ஐத் தாண்டி ஒரு கோட்டில் நின்றது, பட்டாஷுக்கு 56-லேயே நின்றது. திரும்பப் போட்டுப் பார்த்தும் அதேதான். இரண்டு பெரிய குதிரைகளுக்கு நடுவே என் வாட்சில் ஒரே ஒரு டிக்! அந்த வேகத்தில் ஒரு டிக்குக்குள் குதிரை மூன்றரை மீட்டர் போய்விடும், அதன் உடல் நீளத்துக்கும் மேலே.

கடைக்காரரும் வேலையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு 1997 பந்தயத்தைச் சொன்னேன். கோஸ்டல் பிளஃபின் வாயிலிருந்த கடிவாள இரும்பு ஓட்டம் தொடங்கியதுமே உடைந்துபோனது. ஜாக்கி கெவின் டார்லி குதிரையை அடக்க வழியில்லாமல் பிடரியைப் பற்றிக்கொண்டே கடைசிவரை போனார். அப்படியும் யா மாலக் என்ற குதிரையோடு டெட் ஹீட், அதாவது இரண்டுக்கும் சமமான முதலிடம்! 2017-இல் ஜாக்கி ஃபிராங்கி டெட்டோரி, தான் ஓட்டிய லேடி ஆரீலியாதான் ஜெயித்தது என்று கையைத் தூக்கிக் கொண்டாடினார். போட்டோவில் பார்த்தால் மார்ஷா என்ற குதிரையின் மூக்கு முன்னால். இந்த மாதிரி முடிவுக்கு எந்த ஸ்டாப்வாட்சும் போதாது, கேமராதான் வேண்டும்.

சரி, கடைக்கு வருவோம். கூலி 650 ரூபாய். இந்த வேலைக்கு நியாயம்தான். கண்ணாடியில் இருந்த கீறலை அவர் தொடவில்லை. சொன்ன தேதிக்கும் கிடைக்கவில்லை. கிளம்புமுன் போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது, குறிப்பாகக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். பேட்டரி வாட்ச் என்றால் அவர் கையிலேயே வாங்குவதில்லை, அதற்கு வேறு கடை பாருங்கள். ஸ்டாப்வாட்சை வாங்கும்போது ஒரு நிமிடம் முழுக்க ஓடவிட்டு, போன் நேரத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். அவரே அப்படித்தான் செய்யச் சொல்கிறார்.