வான் பிரஹெய்னியோக் ஏற ஓஎல்12 வரைபடம் எப்படி?

வேல்ஸின் வான் பிரஹெய்னியோக் மலையில் (802 மீட்டர்) ஏற, பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் ஓஎல்12 வரைபடமும் ஒரு திசைகாட்டியும் போதும். அளவு 1:25,000, தரையில் ஒரு கிலோமீட்டர், தாளில் 4 செ.மீ. கிழக்கே செம்மணற்கல் செங்குத்துச் சரிவில் சம உயரக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதைப் பார்த்தாலே, மூடுபனியில் விளிம்பை விட்டு விலகி நடக்கத் தோன்றும். தெற்கே சுண்ணாம்புக்கல் பகுதியின் குழிப்பள்ளங்களையும் குறித்திருக்கிறார்கள். மஞ்சள் பூச்சு, 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி யாரும் நடக்கக்கூடிய நிலம்.

வரைபடத்தில் பச்சைக் கோடு இருப்பதை நம்பித்தான் பலரும் ஏமாறுவார்கள். அது நடக்கும் உரிமையை மட்டுமே சொல்கிறது. தரையில் தடமே இல்லாமல் சதுப்பில் கொண்டுபோய் விடலாம்.

சாதாரணத் தாள் மழையில் மடிப்போரம் கிழியும். நீர்புகாப் பதிப்பு தடிமன், மடித்தால் அடங்காது. ஆனாலும் அந்த மலைக்கு அதுதான் சரி.