முழுக் கொந்தராத்தா, கூலிக் கொந்தராத்தா, நாட்சம்பளமா?

"வீடு ஆரிட்டக் குடுத்தனீங்கள்?" பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கூட இதைத்தான் கேட்பார். எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்ட ஒருவரை நான் இன்னும் காணவில்லை. என் வீட்டின் கீழ்ப்பாதி முழுக் கொந்தராத்தில் எழும்பியது, மேல்பாதி கூலிக் கொந்தராத்தில் முடிந்தது, மதில் நாட்சம்பளத்தில். பட்டுத் தெரிந்துகொண்டவன் என்பதால் இரண்டாவது கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காக: முழுக் கொந்தராத்து என்றால் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு, சாமான், கூலி எல்லாவற்றையும் கொந்தராத்துக்காரர் தலையில் விடுவது. கூலிக் கொந்தராத்தில் சாமான் எங்களுடையது, வேலைக்கு மட்டும் விலை பேசுவோம். நாட்சம்பளம் விளக்கம் தேவையில்லாதது.

வன்னியில் இந்த ஒப்பீட்டை ஊரே ஒருமுறை செய்து பார்த்திருக்கிறது. போருக்குப் பிறகு இந்திய அரசின் உதவியில் வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் முதலில் கட்டிய 1,000 வீடுகளைக் கொந்தராத்துக் கம்பனிகள் கட்டின. 2012 ஒக்டோபரில் தொடங்கிய அடுத்த கட்டத்தில் வீட்டுக்காரரே கட்ட வேண்டும் என்றார்கள். புது வீட்டுக்கு 550,000 ரூபா, அதுவும் கட்டம் கட்டமாக வங்கிக் கணக்குக்கு வந்தது. வேலை நடந்ததைப் பார்த்த பிறகுதான் அடுத்த தவணை. மண் கியூப் என்ன விலை, கம்பி என்ன விலை என்று அதுவரை கேட்டறியாத பெண்கள் டிப்பர்காரரோடு தர்க்கப்படப் பழகியது அந்த ஆண்டுகளில்தான். முதல் தவணையை அப்படியே மேசன் கையில் கொடுத்துவிட்டு அவரைத் தேடித் திரிந்தவர்களும் உண்டு. ஆனால் முழுப்பணமும் போகவில்லை. வங்கி நடுவில் நின்றது. இன்றைக்குச் சொந்தக் காசில் கட்டுகிறவருக்கு நடுவில் நிற்க ஒருவரும் இல்லை, அந்த வேலையையும் நாங்களே பார்க்க வேண்டும்.

முழுக் கொந்தராத்தின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. வேலைக்குப் போகிறவர், சீமெந்துக்கடைக்கும் காணிக்கும் ஓடித் திரிய முடியாதவர், கனடாவிலிருந்து காசு அனுப்புகிறவர், இவர்களுக்கு வேறு வழி குறைவு. என்னிடம் வந்தவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "அண்ணை, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, திறப்புத்தான் உங்கட கையில தருவன்" என்றார். மற்றவர்களைவிடச் சதுர அடிக்குக் கணிசமாகக் குறைத்துச் சொன்னார். அங்கேயே நான் எழும்பியிருக்க வேண்டும். சீமெந்தும் கம்பியும் எல்லோருக்கும் ஒரே விலை. குறைத்துச் சொல்கிறவர் அந்தக் குறையை எங்கோ ஓரிடத்தில் எடுக்கத்தான் போகிறார்.

எடுத்த இடம் 'மேலதிக வேலை'. எங்கள் காணி வயலோரக் களிமண். அத்திவாரம் எதிர்பார்த்ததைவிட ஆழமாகப் போய்விட்டது, இருபது பை சீமெந்து கூடிவிட்டது, அதற்குத் தனியாகக் காசு என்றார். சரி, வெறும்பைகளைக் காட்டும் என்றேன். அடுத்த நாள் கட்டாகக் கட்டி வைத்திருந்தார். எண்ணினேன், கணக்குச் சரி. திரும்பி வரும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் காணிக்கு இறங்கிய சீமெந்து முழுக்கச் சிவப்பு எழுத்துப் பை. கட்டின் நடுவில் இருந்த பதினெட்டுப் பை நீல எழுத்து. அதற்குள் தரை ஓடு ஒட்டுகிற பசைப் பை ஒன்று. அத்திவாரத்துக்கு எதற்கு ஐயா தரை ஓட்டுப் பசை? வேறு வீட்டு வெறும்பைகள் எங்கள் கணக்கில் ஏறியிருந்தன.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்குள் நூற்றுக்கு எழுபது வீதக் காசு அவர் கையில், நடந்த வேலை நாற்பது வீதம்கூட இல்லை. லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு யன்னலுக்கு மேலே போடுகிற கொங்கிரீற்று வளையோடு, ஆட்கள் வருவது நின்றது. தொலைபேசி எடுத்தால் "நாளைக்கு அண்ணை". பொலிஸுக்குப் போனேன். எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். கொப்பித்தாளில் சதுர அடி விலையும் இரண்டு கையெழுத்தும் இருந்தன, வேறொன்றுமில்லை. இது காசுப் பிரச்சினை, மத்தியஸ்த சபைக்குப் போங்கள் என்றார்கள். போனேன். கொஞ்சம் வந்தது. மிச்சத்தைப் பற்றி இப்போது யோசிப்பதில்லை.

கூலிக் கொந்தராத்தில் இந்தக் கதை இந்த அளவுக்குப் போகாது. சாமான் எங்களுடையது என்பதால் அவர் ஓடினாலும் ஒரு கட்டக் கூலியோடுதான் ஓடலாம். ஆனால் ஏமாற்று அங்கேயும் இருக்கிறது, இடம் மட்டும் மாறிவிடும். மேசனிடமிருந்து கடைக்கும் டிப்பருக்கும் போய்விடும்.

மணலை எடுங்கள். ஒரு கியூப் என்றால் 100 கன அடி. டிப்பர் வந்தவுடன் ரேப்பை எடுத்துப் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளக்க வேண்டும். மணலை நடுவில் குவித்துவிட்டு 'இரண்டு கியூப்' என்பார்கள். மட்டப்படுத்தச் சொன்னால் மூலைகளில் ஒரு சாண் இறங்கும். ஈரமணல் வேறு ஊதி நிற்கும், காய்ந்தால் ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையலாம். கம்பிக்கு ரேப் உதவாது, தராசுதான். 12 மில்லிமீற்றர்க் கம்பி மீற்றருக்கு 0.888 கிலோ, 10 மில்லிமீற்றர் 0.617 கிலோ. 6 மீற்றர் நீளத்தில் பத்து 12 மில்லிமீற்றர்க் கம்பிகளைத் தராசில் போட்டால் 53 கிலோ அளவில் நிற்க வேண்டும். நாற்பத்தைந்தில் நின்றால் வாங்காமல் திரும்புங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. சீமெந்துக் கல்லை வெளியே வாங்காமல் காணிக்குள்ளேயே அரிவித்தேன். ஒரு பைக்கு எத்தனை கல் அரிகிறார்கள் என்பதை நின்று பார்த்தால்தான் தெரியும், வாங்குகிற கல்லில் அது தெரியாது. விரல் நகத்தால் விளிம்பைச் சுரண்டிப் பார்த்து மாவாக உதிர்ந்தால் மட்டும் தெரியும்.

கூலிக் கொந்தராத்தின் பெரிய தலையிடி திருட்டு அல்ல, தாமதம். நல்ல மேசன் ஒரே நேரத்தில் மூன்று வீடு பிடித்திருப்பார். அறுவடை தொடங்கினால் கையாட்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். அதனால் அறுவடை முடிந்த கையோடு தொடங்கி, ஒக்டோபர் மழைக்கு முன் கூரை போட்டுவிட வேண்டும். நடுவில் வருகிற கோடையில் இன்னொரு வில்லங்கம்: கொங்கிரீற்றுக்கும் பூச்சுக்கும் குறைந்தது ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும், கிணறோ அடியில் நிற்கும். நான் இரண்டு தடவை பவுசருக்குக் காசு கொடுத்தேன். முழுக் கொந்தராத்துக்காரர் இந்தச் செலவைச் செய்வாரா என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் விடாத சுவர் அன்றைக்கு நல்லாய்த்தான் இருக்கும்.

நாட்சம்பளம் மதிலுக்கும் மலசலகூடத்துக்கும் திருத்த வேலைக்கும் சரி. முழு வீட்டுக்கு அது பணத்தைத் தின்னும். நீங்கள் பக்கத்தில் நின்றால் வேலை, ரீ வைக்க உள்ளே போனால் கதை. அதுக்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

வெளிநாட்டில் இருக்கிறவர் என்ன செய்வது? அவருக்கு முழுக் கொந்தராத்துத்தான் பொருந்தும், ஆனால் மூன்று விஷயம் இல்லாமல் கொடுக்கக்கூடாது. அளவைப் பட்டியல் ஒன்று: கம்பி எத்தனை மில்லிமீற்றர், கொங்கிரீற்றில் சீமெந்து, மணல், கல்லுக் கலவை 1:2:4 ஆ, கூரை மரம் எது, ஓடு எது என்று உருப்படி உருப்படியாக எழுதியது. 'சதுர அடிக்கு இவ்வளவு' என்ற ஒற்றை வரியில்தான் எல்லா மோசடியும் ஒளித்திருக்கிறது. இரண்டாவது, கொந்தராத்துக்காரரோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஓய்வுபெற்றவர்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் வந்து அளந்து சொல்ல அவருக்குக் கொடுக்கிற காசு வீண் போகாது. தம்பி, மருமகன் என்று சொந்தக்காரரை நிறுத்துவது வேலைக்கு ஆகாது. அவருக்கு மட்டக்கம்பு பிடிக்கத் தெரியாது, தெரிந்தாலும் ஊருக்குள் முகம் முறிக்க மாட்டார். மூன்றாவது, வட்ஸ்அப் படத்தை நம்பாமல் வீடியோ அழைப்பில் வீதியிலிருந்து படலை வழியாக நடந்து உள்ளே வரச் சொல்வது. பக்கத்துக் காணியின் லிண்டலைப் படம் பிடித்து அனுப்பிக் காசு எடுத்த கதை எங்கள் வீதியிலேயே இருக்கிறது. அந்தப் படத்தில் தெரிந்த முருங்கை மரத்தை வைத்துத்தான் சுவிஸில் இருந்த வீட்டுக்காரி பிடித்தார்.

நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவு இருக்கிறதா என்றும் கேட்கலாம். கொந்தராத்துக்காரரை சீ 1, சீ 2 என்று சீ 9 வரை அவர்கள் தரம் பிரித்திருக்கிறார்கள். பதிவுள்ளவருக்கு இழக்க ஒரு பெயர் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஊர் வீட்டுக்கு வருகிற நல்ல மேசன்மாரில் பலரிடம் அந்தப் பதிவு இல்லை. அது இல்லை என்பதற்காக ஒருவரைத் தள்ளவும் மாட்டேன், இருக்கிறது என்பதற்காக முற்பணத்தைக் கூட்டவும் மாட்டேன். அதைவிட அவர் மூன்று வருஷத்துக்கு முன் கட்டிய வீட்டுக்குச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். போனமாதம் முடித்த வீடு எல்லாம் வடிவாய்த்தான் இருக்கும்.

விலையேற்றத்தையும் எழுத்தில் வைக்க வேண்டும். 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவில் நின்ற சீமெந்துப் பை 2022 இல் மூவாயிரத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு ஓடிய கொந்தராத்துக்காரர் எல்லோரும் கள்ளர் இல்லை. பேசிய விலைக்குக் கட்டினால் வீட்டையே விற்க வேண்டிய நிலை பலருக்கு. காசு கொடுக்காமல் மேசனை அலைக்கழித்த வீட்டுக்காரரும் இருக்கிறார்கள்.

என் வீட்டை முடித்த மேசன் முதல்நாள் அரைச்சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது இதைத்தான்: "அண்ணை, காசு முழுக்கக் கையில இருக்கோ? இல்லாட்டிச் சொல்லுங்கோ, கூரையோட நிப்பாட்டுவம்." முற்பணம் 5 வீதம், அதன் பிறகு லிண்டல், கூரை, பூச்சு, நிலம் என்று முடிந்த வேலைக்கு மட்டும் காசு, கடைசி 5 வீதம் ஒரு மாரி பார்த்த பிறகு என்று எழுதினோம். கடைசி வரியை வாசித்துவிட்டு ஒருக்கால் சிரித்தார், கையெழுத்துப் போட்டார். மார்கழி அடைமழையில் கூப்பிடாமலே குடையோடு வந்தார். குசினி மூலையில் ஒரு ஓட்டைக் கழற்றி மாற்றினார், விறாந்தையில் நின்று ரீ குடித்தார், போய்விட்டார். காசைப் பற்றிக் கதைக்கவில்லை. பொங்கலுக்கு முதல்நாள் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.