தலைவாசலுக்கு இரும்பா, தேக்கா, காரைக்குடிக் கதவா?

மதுரைப் பக்கம் நாகமலை புதுக்கோட்டையில் வீடு கட்டத் தொடங்கி தரைமட்டம் முடிந்த வாரமே கொத்தனார் கேட்டுவிட்டார்: "நிலை எப்ப சார் வருது?" சுவர் எழும்புவதற்கு முன்னால் தலைவாசல் நிலை நிற்க வேண்டும். நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து நிறுத்துவார்கள். எங்கள் வீட்டிலோ கதவு எதில் செய்வது என்றே முடிவாகவில்லை. நான் இரும்புக் கதவு பக்கம் இருந்தேன். மனைவி, செட்டிநாட்டு வீடுகளிலிருந்து பிரித்தெடுத்து விற்கும் காரைக்குடிப் பழைய கதவுக்கு ஆசைப்பட்டார். அப்பா தேக்கைத் தவிர வேறு பேச்சே எடுக்கவில்லை. ஆவணியில் குறித்த நாளைத் தைக்குத் தள்ளிப்போட்டு, அந்த நாலைந்து மாதம் மூன்றையும் அலசினோம்.

கடைசியில் போட்டது நாட்டுத் தேக்கு. குடிவந்து நாலு வருடம் ஆகிறது, முடிவில் எனக்கு முழுத் திருப்தி. அதனால் இந்த அலசல் தேக்குப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். நான் பேசுவது தலைவாசலை மட்டும். குளியலறைக்கு மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த, தண்ணீர் ஏறாத டபிள்யூ.பி.சி. கதவும், உள் அறைகளுக்குத் தட்டையான ஃப்ளஷ் கதவும் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

இரும்புக் கதவின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். துத்தநாகம் பூசிய இரண்டு தகடுகள், நடுவில் தேன்கூடு போல மடித்த அட்டையோ தீயைத் தாங்கும் கல்கம்பளியோ. கரையான் தொடாது, மழைக்காலத்தில் உப்பாது. நிலையைப் பூச்சு வேலை முடிந்த பிறகு மாட்டினால் போதும் என்பதால் கொத்தனாரும் அவசரப்படுத்த மாட்டார். எங்கள் 4 அடிக்கு 7 அடி வாசலுக்கு, மாட்டும் கூலி சேர்த்து 30 ஆயிரத்திலிருந்து 45 ஆயிரம் வரை சொன்னார்கள். தேக்குக்கு எனக்கு ஆன மொத்தச் செலவு 60 ஆயிரத்தைத் தொட்டது. விலையை மட்டும் பார்த்தால் இரும்புதான் ஜெயிக்கும்.

என் மனசை மாற்றியது ஆனையூரில் இருக்கும் தங்கை வீட்டுக் கதவு. பார்க்க நன்றாகவே இருந்தது, மரரேகை அச்சடித்த காபிப்பொடி நிறத்தில். சாவியைத் திருப்பினால் பக்கவாட்டிலும் மேலும் கீழும் தண்டுகள் ஒரே சமயத்தில் நீளும். இரண்டு தீபாவளி நன்றாக ஓடியது. மூன்றாம் வருடம் ஒரு மதியம், உள்ளே தங்கையும் குழந்தையும் இருக்கும்போது பூட்டின் உள்பெட்டியில் ஏதோ உடைந்து, எல்லாத் தண்டுகளும் நீண்டபடி நின்றுவிட்டன. கொல்லைக் கதவு இருந்ததால் வெளியே வந்தார்கள். தெருமுனைப் பூட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இது கம்பெனி பெட்டி, நான் கைவச்சா கதவையே அறுக்கணும்" என்று போய்விட்டார். விற்ற கடையில் அந்த மாடல் இப்போது வருவதில்லை என்றார்கள். பதினோரு நாள் அந்தக் குடும்பம் கொல்லைப்புறமாகவே போய்வந்தது. பிறகு வேறொரு பெட்டி வந்தது. துளைகள் ஒத்துவரவில்லை. பழைய துளையை மறைக்க ஒரு தகட்டை ரிவெட் அடித்திருக்கிறார்கள். இன்றைக்கும் அது அப்படியே தெரிகிறது.

எல்லா இரும்புக் கதவும் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. நான் கிட்ட இருந்து பார்த்தது இந்த ஒன்றைத்தான். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கதவைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான்: இதில் ஒரு பாகம் போனால், அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் நம் தெருவில் இருக்கிறாரா?

இந்தக் கேள்வி பூட்டோடு முடிவதில்லை. நம்மூர் வாசலுக்கு முக்கியமான எதிரி திருடன் இல்லை, தண்ணீர். விடிகாலையில் வாசல் தெளிக்கிறோம், படியைக் கழுவுகிறோம், வெள்ளிக்கிழமை நிலைப்படிக்கு மஞ்சள் பூசுகிறோம். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் போர்த் தண்ணீர் உப்பு. காய்ந்தால் படியில் வெள்ளை பூத்து நிற்கும். வருடத்துக்கு முந்நூறு நாளுக்கு மேல் இந்தத் தண்ணீர் நிலையின் காலைத்தான் நனைக்கிறது. தங்கை வீட்டு இரும்பு நிலையில் கீழே இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பெயிண்ட் கொப்புளம் போட்டு, குத்தினால் துரு உதிர்கிறது. துத்தநாகப் பூச்சு தகட்டைக் காக்கும், உண்மைதான். ஆனால் திருகு போட்ட துளையிலும், உரசிப்போன விளிம்பிலும் அது இல்லை. நிலைக்குள் சிமெண்ட் ஊற்றி அடைத்திருப்பதால், துருப்பிடித்த காலை மட்டும் தனியாக மாற்ற வழியில்லை.

மரமும் தண்ணீருக்குத் தப்பாது. மரத்தின் வெட்டுமுகம், அதாவது நிலைக்கால் தரையில் ஊன்றும் அடிப்பக்கம், வைக்கோல் கட்டு மாதிரி தண்ணீரை உறிஞ்சும். ஈரம் ஏறிய இடத்துக்குக் கரையான் தேடி வரும். வித்தியாசம் அதற்குப் பிறகுதான். எங்கள் ஆசாரி வேலைக்கு வந்த முதல் வாரமே, பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார். அங்கே நிலைக்கால் ஒரு சாண் உயரத்துக்கு மக்கியிருந்தது. மக்கிய பாகத்துக்கு மேலே சாய்வாக அறுத்து, அதே அளவில் புது மரத்தைச் சீவிப் பொருத்தி, மரமுளை அடித்து ஒட்டுப்போட்டார். அரை நாள் வேலை. இழைத்து எண்ணெய் தேய்த்த பிறகு ஒட்டு எங்கே என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. "மரத்துக்கு ஒட்டுப்போடலாம் தம்பி, தகட்டுக்கு எங்க போடுவீங்க?" என்று கேட்டார். நான் அங்கேயே தேக்குக்கு மாறிவிட்டேன்.

எங்கள் வீட்டில் கீழ்ப்படிக்கு மரம் போடவில்லை. கருங்கல் படிதான். நிலைக்கால்களைத் தரையிலிருந்து அரை அங்குலம் உயர்த்தி, படியில் வெட்டிய மேடை மேல் நிறுத்தி, வெட்டுமுகத்தில் தார் பூசினார். நாலு மழைக்காலம் போய்விட்டது. கால் இன்னும் குத்தினால் இறங்காமல் உறுதியாக இருக்கிறது. பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை, அந்தப் பழைய வீட்டு நிலையைத் தவிர.

தேக்கு என்று முடிவு செய்தால் ஏமாறாமல் வாங்குவது தனி வேலை. கடையில் நுழைந்ததும் "பர்மா" என்பார்கள். மியான்மர் அரசு 2014 ஏப்ரலிலிருந்து உருட்டு மரமாகத் தேக்கை ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. இன்றைக்குக் கானா, ஈக்வடார் போன்ற நாடுகளின் தோட்டத் தேக்கும் நம் சந்தைக்கு வருகிறது. அதனால் ஊர்ப் பேரைவிடப் பலகையைப் பாருங்கள். தேக்கின் நடுக்கட்டையில், வைரம் என்கிறோமே அந்தப் பாகத்தில்தான், கரையானை விரட்டும் எண்ணெய்ச் சத்து இருக்கிறது. ஓரத்தில் வெளிறித் தெரியும் வெள்ளைக் கட்டையில் அது இல்லை. பர்மாவாகவே இருந்தாலும் வெள்ளையைக் கரையான் தின்னும். வைரமே உள்ள நாட்டுத் தேக்கு, வெள்ளை கலந்த வெளிநாட்டுத் தேக்கைவிட மேல்.

கணக்கும் எளிதுதான். ஆறு அங்குலத்துக்கு நாலு அங்குலச் சட்டத்தில் 4 அடிக்கு 7 அடி நிலைக்கு, கீழ்ப்படி இல்லாவிட்டால் ஏறக்குறைய மூன்று கனஅடி. ஒன்றரை அங்குலக் கதவுக்கு இன்னொரு மூன்று. இழைப்பிலும் அறுப்பிலும் போவதற்கு ஒன்றரை சேர்த்துக்கொண்டு கேட்டால், கடைக்காரர் சொல்லும் கணக்கைச் சரிபார்க்கலாம்.

மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் விரியும், சுருங்கும். ஐப்பசி கார்த்திகையில் கதவு நிலையோடு பிடிப்பதும், சித்திரையில் இடுக்கு விடுவதும் அதனால்தான். எங்கள் ஆசாரி பலகைகளை மூன்று மாதம் நிழலில், நடுநடுவே குச்சி வைத்து அடுக்கிக் காயப்போட்டார். சட்டத்துக்குள் வரும் பேனல் பலகைக்கு எந்தப் பசையும் போடாமல் காடிக்குள் ஆட விட்டார். பசை போட்டு இறுக்கியிருந்தால் சுருங்கும்போது பலகை நடுவில் வெடிக்கும். பூட்டுப் பக்கம் இரண்டு ஒரு ரூபாய்க் காசு நுழையும் இடைவெளி. முதல் ஐப்பசியில் ஒரே ஒரு முறை இழைப்புளி போட வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

பாலிஷில் நான் எண்ணெய்ப் பக்கம். எங்கள் வாசல் மேற்கு பார்த்தது. பளபளவென்று பி.யு. (பாலியூரிதேன்) பாலிஷ் அடித்த கதவுகள் எதிர்வெயிலில் உரிந்து, முழுதும் சுரண்டி மறுபடி அடிக்க ஆள் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆளிவிதை எண்ணெய் என்றால் வருடத்துக்கு ஒருமுறை, ஆடி பிறக்கும் முன் அரை நாள் நானே தேய்த்துவிடுகிறேன். ஒரு எச்சரிக்கை: அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவைத்துத்தான் குப்பையில் போடவேண்டும்.

அப்புறம் இரும்புச் சாமான்கள். இந்தக் கதவு 55 கிலோவுக்குக் குறையாது. எடை மேல்கீலைத்தான் வெளியே இழுக்கும். அதனால் நாலு கீலில் இரண்டை மேலே பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். பூட்டு நுழையும் நிலைத் தகட்டை, முக்கால் அங்குலத் திருகுக்குப் பதில் மூன்று அங்குலத் திருகால் இறுக்கச் சொன்னேன். கடப்பாரை போட்டு நெம்பும்போது முதலில் பிய்வது கதவல்ல, அந்தத் தகடுதான். பூட்டு, கதவின் விளிம்பில் குழி வெட்டி உள்ளே இறக்கும் மார்ட்டிஸ் பூட்டு, சாதாரண அளவில் வருவது. பழுதானால் நாலு கம்பெனிப் பூட்டில் எது வேண்டுமானாலும் அதே குழியில் உட்காரும். ஊருக்குப் போகும்போது வெளிக் கொண்டியில் திண்டுக்கல் பூட்டு ஒன்று. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கைவேலைப் பூட்டு அது, எங்களிடமிருந்து ஏறக்குறைய அறுபத்தைந்து கிலோமீட்டரில் செய்தவர்களே பழுதும் பார்த்துக் கொடுப்பார்கள்.

எந்தக் கதவு போட்டாலும் ஒன்றை விட்டுவிடாதீர்கள். உள்ளே இருப்பவர் சாவி தேடாமல் திறக்க முடியவேண்டும். பொதுக் கட்டடங்களில் வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும், அகலம் 1000 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. வீட்டுக்கும் அதையே வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு பக்கமும் சாவி போடும் பூட்டைப் பாதுகாப்பு என்று விற்கிறார்கள். ராத்திரி கேஸ் கசிந்தால் அதுவே ஆபத்து.

காரைக்குடிக் கதவை நான் கடைசியில் வைத்தது மதிப்புக் குறைந்து அல்ல. அழகில் மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளுக்கு இரண்டு முறை போனோம். நெற்றிப் பலகையில் கஜலட்சுமி, யானைகளின் துதிக்கை மடிப்புவரை செதுக்கியது. பித்தளைக் குமிழ்கள். நூறு வருடக் கை பட்டு வழவழத்த பர்மா மரம். மனைவி ஒரு கதவின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். நிலையோடு சேர்த்து ஒன்றரை லட்சம் சொன்னார்கள்.

விலை மட்டும் தடையில்லை. நாங்கள் பார்த்தவற்றில் பாதி ஆறடிக்கும் குறைந்த உயரம். இரட்டைக் கதவில் ஒன்றைத் திறந்தால் ஒன்றரை அடிதான் வழி. மாமனார் சக்கர நாற்காலியில் இருக்கிறார், எங்களுக்கு அது முடியாது. அவற்றில் கீலும் கிடையாது. கதவின் ஓரச்சட்டமே மேலும் கீழும் குடுமியாக நீண்டு நிலைக்குழியில் சுழல்கிறது. துருவேற ஒன்றுமில்லாத அருமையான வேலைப்பாடு அது. ஆனால் குடுமி தேய்ந்து கதவு இறங்கினால் நிலையைப் பிரிக்கத் தெரிந்த ஆசாரி வேண்டும். எங்கள் ஆசாரிக்குத் தெரியும், அவருக்கு வயது அறுபத்தெட்டு. அந்தக் கதவோடு வாழ்ந்து பார்த்த அனுபவம் எனக்கு இல்லை. இடமும் பணமும் உள்ளவர்கள் வாங்கினால் நான் சந்தோஷப்படுவேன். அடிச்சட்டத்தைப் பேனாக்கத்தியால் குத்திப் பாருங்கள். மரத்தூளும் பசையும் அடைத்த இடம் சட்டென்று இறங்கும்.

மனைவி அங்கிருந்து பழைய பித்தளை வளையக் கைப்பிடி ஒன்றை வாங்கிவந்தார். அதுதான் இப்போது எங்கள் கதவில் இருக்கிறது. அப்பாவுக்கு அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பு என்றால் உயிர். அங்கே சாத்திய கதவுக்குத்தானே சந்தனம் சாத்திக் கும்பிடுகிறோம். கதவு மாட்டிய அன்று ஆசாரிக்கு வேட்டி துண்டு கொடுத்த பிறகு, அப்பா முதலில் சந்தனம் வைத்தது அந்தக் கைப்பிடிக்குப் பக்கத்தில்தான்.

வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு வருடத்தில் பத்து மாதம் வீட்டைப் பூட்டி வைப்பவர்களுக்கும், வாசல் தெளிக்கும் வேலையே இல்லாத அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கும் இரும்புக் கதவு தப்பில்லை. எண்ணெய் தேய்க்க ஆளில்லாத தேக்கு அங்கே வாடித்தான் போகும். வாங்கும்போது அந்தப் பூட்டுப்பெட்டியில் இன்னொன்றையும் சேர்த்து வாங்கி அலமாரியில் வையுங்கள். தேக்கு என்றால் நிலை வைக்கும் நாளுக்கு மூன்று மாதம் முன்பே மரம் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், ஆசாரியையும் அதற்கு முன்பே பேசி வைத்துவிடுங்கள். தை மாதத்தில் அவர்கள் யாருமே கிடைக்க மாட்டார்கள்.